சபர் போகிறவர் பெட்டியில் எந்தச் சர்ஜ் ப்ரொடெக்டர் இருக்க வேண்டும்?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். ஐப்பசியில் கீழக்கரையிலிருந்து புறப்பட்டு, கொழும்பில் மாமி வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு, அங்கிருந்து ஜித்தாவுக்கு வேலைக்குப் போகிறீர்கள். கையில் ஒரு மடிக்கணினி, ஒரு கேமரா, இரண்டு கைப்பேசிகள் இருக்கின்றன. உம்மா ஒரு மிக்சியையும் கட்டித் தரப் பார்க்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது கொடுத்த ஆறு துளைச் சர்ஜ் ப்ரொடெக்டரை (வோல்டேஜ் திடீரென்று தூக்கி அடிப்பதிலிருந்து கருவிகளைக் காக்கும் பெட்டி) எடுத்துப் போனால் எல்லாவற்றுக்கும் காவலாக இருக்குமா, அல்லது ஊரிலேயே நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கிவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். மச்சான் கொடுத்த அந்தப் பெட்டியை எடுத்துப் போகாதீர்கள். அதைக் கீழக்கரை வீட்டிலும் செருகாதீர்கள். ஸ்டெபிலைசரும் தேவையில்லை. சவுதியின் தம்மாம் நகரில் பதினொரு ஆண்டுகள் தொழிலாளர் குடியிருப்புகளில் பராமரிப்பு எலக்ட்ரீஷியனாக இருந்தேன். ஊர் திரும்பிய பிறகு, சபராளிகள், அதாவது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் வருபவர்கள், கொண்டுவந்து எரித்துவிட்ட பொருள்களைத் திறந்து பார்ப்பதே என் வேலையாக இருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வெளிநாட்டில் கருவிகளை இழந்தவர்களில் பெரும்பாலோர் இடியால் இழக்கவில்லை, ஒரு நாட்டின் வோல்டேஜுக்குச் செய்த பொருளை இன்னொரு நாட்டின் சுவரில் செருகியதால்தான் இழந்தார்கள்.

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கொழும்பிலும் அதேதான், ஆகவே அங்கே வோல்டேஜ் பற்றிய கவலை இல்லை, முள்ளின் வடிவம் மட்டுமே மாறும். இப்போது அங்கே சதுர முள் கொண்ட 13 ஆம்பியர் பிளக் பொதுத் தரமாகிவிட்டது, பழைய வீடுகளில் நம்முடையதைப் போன்ற வட்டத் துளையும் இருக்கும். ஜித்தா அப்படியல்ல. சவுதி அரேபியாவில் நெடுங்காலம் வீட்டு மின்சாரம் 127 வோல்டாக இருந்தது. ஏசி போன்ற பெரிய கருவிகளுக்கு மட்டும் 220 வோல்ட் தனியாகக் கொடுத்தார்கள். 230 வோல்டுக்கு மாறுவது என்று 2010ஆம் ஆண்டில் அரசு முடிவெடுத்து, அந்த மாற்றம் பல ஆண்டுகளாகக் கட்டம் கட்டமாக நடந்து வருகிறது. எனவே புதுக் கட்டடத்தில் தங்கினால் 230 வோல்ட் இருக்கும், பழைய கட்டடத்தில் தங்கினால் ஒரே அறையில் 127, 220 இரண்டும் இருக்கலாம். எல்லா இடத்திலும் 60 ஹெர்ட்ஸ்.

துளையின் வடிவத்தைப் பார்த்து வோல்டேஜை முடிவு செய்யாதீர்கள். சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் படியுங்கள், இல்லையென்றால் கட்டடக் காவலரிடமோ எலக்ட்ரீஷியனிடமோ கேளுங்கள். பழைய சவுதிக் கட்டடத்தின் 220 வோல்ட் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்துப் பார்த்தவர்கள் திடுக்கிடுவார்கள். இரண்டு துளைகளிலுமே டெஸ்டர் எரியும். நம் ஊரில் ஒன்று மின்சாரம் வரும் ஃபேஸ், ஒன்று அது திரும்பிப் போகும் நியூட்ரல். அங்கே 127 வோல்ட் ஃபேஸ்கள் இரண்டைச் சேர்த்துத்தான் 220 எடுக்கிறார்கள், அதனால் இரண்டுமே உயிரோடு இருக்கும் முனைகள். ஒற்றைச் சுவிட்சை அணைத்தால் ஒரு முனையில் மட்டுமே மின்சாரம் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் கருவியைக் காக்க வேண்டுமென்றால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

இனி உங்கள் சார்ஜர்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அந்தச் சார்ஜர் கொழும்பு, ஜித்தா, தோக்கியோ, நியூயார்க் எங்கும் வேலை செய்யும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். இன்றைய கைப்பேசி, மடிக்கணினி, கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். வெறும் 220-240 என்றோ 230 என்றோ இருந்தால் அது 127 வோல்டில் சரியாக ஓடாது. வெறும் 110 அல்லது 120 என்று இருந்தால், 230 வோல்டில் செருகிய கணத்தில் அதன் கதை முடிந்தது. டிராவல் அடாப்டர் என்று விற்கப்படுவது முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இந்த ஒரு செய்தி தெரியாமல் போனதால் நாசமான பொருள்களை என் மேசையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட சர்ஜுக்கு வருகிறேன். நம் கடற்கரையில் வளர்ந்தவருக்கு இதை விளக்குவது எளிது. பல நாள் மழையில்லாமல் காற்று மட்டும் அடித்து, பாம்பன் பக்கத்து மின்கம்பங்களில் உள்ள பீங்கான்களில் உப்புப் படிந்திருக்கும். அதன்மேல் முதல் தூறலோ பனியோ விழும் இரவில் கம்பத்தின் உச்சியில் படபடவென்று நீலப்பொறி பறக்கும், மின்சாரம் போய்ப் போய் வரும். அப்படிப் போய் வரும் ஒவ்வொரு முறையும் கம்பியில் வோல்டேஜ் ஒரு கணம் தூக்கி அடிக்கும். இடி அருகில் விழுந்தாலும் அதேதான் நடக்கும், இன்னும் கடுமையாக. அந்தத் தூக்கல் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கலாம், ஆனால் மைக்ரோ வினாடிக் கணக்கில் முடிந்துவிடும். சர்ஜ் என்பது இதுதான். வளைகுடாவில் இடி குறைவு என்றாலும், பெரிய ஏசி கம்ப்ரஸர்கள் நின்று ஓடுவதாலும், ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் இடையே மாற்றி மாற்றிப் போடுவதாலும் இதே வகைத் தூக்கல்கள் வருகின்றன.

சர்ஜ் ப்ரொடெக்டருக்குள் இருப்பது வேரிஸ்டர் என்ற சிறு வில்லை. துத்தநாக ஆக்சைடால் ஆனது. ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுச் சிறியது, பெரும்பாலும் நீல நிறப் பூச்சோடு இருக்கும். குறிப்பிட்ட வோல்டேஜ் வரை அது மின்சாரத்தை விடாமல் சும்மா நிற்கும்; அதைத் தாண்டினால் சட்டென்று வழிவிட்டு, அதிகப்படியான மின்சாரத்தைத் தன் வழியாக இழுத்துக்கொள்ளும். அந்த எல்லை எது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. 230 வோல்ட் நாடுகளுக்கான பெட்டியில் வழக்கமாக 275 வோல்ட் தாங்கும் வில்லையைப் போடுகிறார்கள். அமெரிக்காவின் 120 வோல்டுக்கான பெட்டியில் 130 அல்லது 150 வோல்ட் தாங்கும் வில்லைதான் இருக்கும். அதை நம் 230 வோல்டில் செருகினால், வில்லையின் கணக்கில் அது ஒரு கணத்துச் சர்ஜ் அல்ல, நிற்காத சர்ஜ். செருகியதிலிருந்து இடைவிடாமல் மின்சாரத்தை இழுத்துச் சூடாகிக்கொண்டே போய், உள்ளிருக்கும் ஃபியூஸ் அறுந்தால் பிழைப்பீர்கள், அறாவிட்டால் பெட்டி தீப்பிடிக்கும். மச்சான் கொடுத்ததைத் திருப்பிப் பாருங்கள், 125 வோல்ட், 15 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

தம்மாமில் ஒரு குடியிருப்பில் இப்படி ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் செருகியிருந்தார்கள். 127 வோல்ட் அறையில் ஓராண்டு நன்றாக வேலை செய்த பெட்டி அது. அறை மாறியபோது புது அறையின் 220 வோல்ட் சாக்கெட்டில் பழக்கத்தில் செருகிவிட்டார்கள். மீன் தீய்ந்தது போல ஒரு நாற்றம் வருகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். திறந்து பார்த்தபோது மூன்று வில்லைகளும் கரியாகிப் பிளந்திருந்தன, மூடியின் பிளாஸ்டிக் உள்பக்கமாக உருகிக் கம்பிமேல் வழிந்திருந்தது. பெட்டிக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் மெத்தை விரிப்பின் ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எவர் சர்ஜ் ப்ரொடெக்டர் என்று சொன்னாலும் எந்த நாட்டில் வாங்கியது என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சர்ஜைவிட நீண்ட நேரம் நிற்கும் ஆபத்து ஒன்று உண்டு. நம் ஊரில் நியூட்ரல் கட்டாகிவிட்டது என்று சொல்வோமே, அது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால், எந்த ஃபேஸில் சுமை குறைவோ அந்த வீட்டில் வோல்டேஜ் 230இலிருந்து 400ஐ நோக்கி ஏறும், ஆள் வந்து சரிசெய்யும் வரை அப்படியே நிற்கும். சார்ஜருக்குள் முதலில் மாற்றுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி ஒரு கெப்பாசிட்டரில் தேக்குகிறார்கள். அந்தக் கெப்பாசிட்டர் வழக்கமாக 400 வோல்ட் தாங்கும். 230 வோல்ட் வரும்போது அதில் நிற்பது ஏறத்தாழ 325 வோல்ட், எனவே பயமில்லை. 400 வோல்ட் வந்துவிட்டாலோ அதில் 565 வோல்ட் ஏறப் பார்க்கும். தலைப்பகுதியில் சிலுவை போல் கீறிய கோடு வீங்கி வெடிக்கும். இதை வேரிஸ்டர் தடுக்காது, தடுக்க முயன்று தானும் எரியும். ஹை கட் உள்ள கருவிதான் இதற்கு வழி: வோல்டேஜ் 270ஐ ஒட்டி வரும்போது இணைப்பைத் துண்டித்து, சீரான பிறகு சில நிமிடம் பொறுத்தே திரும்பக் கொடுக்கும். பிளக்கில் செருகும் சிறு வடிவத்திலும் கிடைக்கிறது.

ஸ்டெபிலைசரை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அது உள்ளிருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் மாறித்தான் வோல்டேஜைத் திருத்தும். ரிலே மாற மில்லி வினாடிகள் ஆகும், அதற்குள் சர்ஜ் வந்து அடித்துப் போயிருக்கும். மேலும் 100-240 வோல்டில் ஓடும் சார்ஜருக்கு வோல்டேஜைச் சீராக்கித் தர வேண்டிய அவசியமே இல்லை. பிளக்கில் உள்ள ஃபியூஸும் சுவரில் உள்ள எம்சிபி என்ற தானாக விழும் சுவிட்சும் கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பவை, சர்ஜைத் தடுப்பவை அல்ல.

ஆகவே நீங்கள் வாங்க வேண்டியது, 230 அல்லது 250 வோல்ட் என்று தெளிவாக அச்சிட்ட, இரண்டு மூன்று துளைகள் கொண்ட சிறிய சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று. ஆறு துளை, எட்டு துளை என்று சுமக்க வேண்டாம். ஜூல் அளவு, அதாவது எவ்வளவு சர்ஜ் ஆற்றலை விழுங்கும் என்பது, அட்டையில் போட்டிருக்க வேண்டும். பல நூறு ஜூல் இருந்தால் பயணத்துக்குப் போதும், எண் எதுவும் போடாமல் சர்ஜ் என்ற சொல் மட்டும் இருந்தால் உள்ளே வில்லையே இல்லாமல் இருக்கலாம். காவல் இருக்கிறது என்று காட்டும் விளக்கு கட்டாயம் இருக்க வேண்டும். வேரிஸ்டர் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது; அது செத்த பிறகும் பெட்டியில் மின்சாரம் வரும், கருவிகள் ஓடும், காவல் மட்டும் இருக்காது. விளக்கு அணைந்தால் அன்றே அதை மாற்றிவிடுங்கள். 127 வோல்ட் அறை கிடைத்தால் இந்தப் பெட்டியைச் செருகுவதில் ஆபத்து இல்லை, ஆனால் அது விழித்துக்கொள்ளும் எல்லை மிக உயரத்தில் இருப்பதால் காவல் குறைவுதான்.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பயணத்தில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது இதில்தான். நல்ல பெட்டியில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு வில்லையும், அவை ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையே ஒவ்வொரு வில்லையும் இருக்கும். எர்த் இல்லையென்றால் பின்னிரண்டும் இருந்தும் இல்லாதவையே. எல்லா நாட்டுக்கும் ஏற்றது என்று விற்கும் கனசதுர அடாப்டர்களில் பலவற்றுக்கு எர்த் முள் பிளாஸ்டிக்தான், அல்லது உள்ளே எங்கும் இணைக்கப்படாமல் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். உலோக உடல் கொண்ட மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுவிட்டு, மேல்மூடியை விரலின் பின்புறத்தால் மெல்லத் தடவுங்கள். எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு வந்தால், அங்கே எர்த் சேரவில்லை என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். அந்தக் குறுகுறுப்பு உங்களுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் சர்ஜ் வரும்போது கழித்துவிட வழி இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

இதற்கு அடாப்டரைவிட நல்ல தீர்வு இருக்கிறது. பல மடிக்கணினிச் சார்ஜர்களில் சுவருக்குப் போகும் வயர் கழற்றக்கூடியது. பெட்டியோடு சேரும் மூன்று வட்டம் ஒட்டியது போன்ற அதன் முனை எல்லா நாட்டிலும் ஒன்றேதான். கொழும்பிலோ ஜித்தாவிலோ இறங்கிய முதல் நாளே, சதுர முள் பிளக்கும் எர்த்தும் ஃபியூஸும் உள்ள ஒரு வயரை மட்டும் வாங்கி மாட்டிவிடுங்கள். நடுவில் அடாப்டரே இல்லாமல் போகும். இணைப்பு எத்தனை குறைகிறதோ அத்தனைக்குப் பொறியும் சூடும் குறையும். நம் ஊரிலிருந்து கொண்டுபோகும் பிளக்குகளின் பித்தளை முள்ளில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், புறப்படும் முன் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

சதுர முள் சாக்கெட்டின் மேல் துளையில் பேனா மூடியைச் செருகி, கீழே உள்ள மூடிகளைத் திறந்து, நம் இரட்டை முள் சார்ஜரை அப்படியே திணிக்கும் பழக்கத்தை அறை நண்பர்கள் உங்களுக்குக் கற்றுத்தருவார்கள். தயவுசெய்து கற்றுக்கொள்ளாதீர்கள். அந்த மூடிகள் குழந்தைகளின் விரலுக்காக வைத்தவை; வட்ட முள் அந்தத் துளையில் இறுகப் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருக்கும், ஆடும் இடத்தில் பொறி பறக்கும், பிளக்கில் இருக்க வேண்டிய ஃபியூஸும் இல்லை. சில ரியால் கொடுத்தால் ஒழுங்கான அடாப்டர் கிடைக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும் நான் அதிகம் நம்புவது பவர் பேங்கைத்தான். சுவரோடு பவர் பேங்க் பேசட்டும், கைப்பேசியும் கேமராவும் பவர் பேங்கோடு பேசட்டும். சர்ஜ் வந்து எரித்தாலும் போவது விலை குறைந்த பொருள், உங்கள் படங்களும் கணக்குகளும் இருக்கும் கருவி தப்பிவிடும். சுவரிலும் கைப்பேசியிலும் ஒரே நேரத்தில் இணைத்து வைக்காதீர்கள், அப்போது இந்தப் பயன் போய்விடும். விமானத்தில் அதைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி தனியாகக் கேட்க வேண்டியதில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் 74 வாட்-மணிதான், ஆகவே தாராளமாகப் போகலாம்.

மின்சாரம் போய்விட்டால் உடனே எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். திரும்பி வந்தபின் ஐந்து நிமிடம் விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். கட்டடத்து ஏசிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும் அந்த முதல் நிமிடங்கள்தான் மோசமானவை. ஐப்பசியில் இலங்கையில் பிற்பகலில் இடியோடு மழை வரும். முதல் முழக்கம் கேட்டதும் சுவரிலிருந்து விலக்குங்கள். அருகில் விழும் இடியை எந்தச் சிறு பெட்டியும் தாங்காது. இடி சுவர் சாக்கெட் வழியாக மட்டும் வருவதில்லை, இன்டர்நெட் கேபிள் வழியாகவும் டிஷ் ஆன்டெனா வயர் வழியாகவும் வரும். அந்த நேரத்தில் லேன் வயரையும் கழற்றிவிட்டு வைஃபையில் இருங்கள்.

நம் பக்கத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் இருப்பதால் அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கப்பலில் பல இடங்களில் இரண்டு கம்பியுமே எர்த்திலிருந்து விலகிய உயிர்க்கம்பிகள், நிலத்து வீட்டு அமைப்பு அங்கே இல்லை. கரைக்காகச் செய்த சர்ஜ் ப்ரொடெக்டர் அங்கே தீ விபத்துக்குக் காரணமாகலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் எச்சரித்திருக்கிறது, சொகுசுப் பயணக் கப்பல்கள் பலவற்றிலும் அதைத் தடைசெய்திருக்கிறார்கள். கப்பலின் எலக்ட்ரிக்கல் அதிகாரியைக் கேட்காமல் எதையும் செருகக் கூடாது.

உம்மாவின் மிக்சிக்கு வருகிறேன். நம் மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், அதற்கு 50, 60 ஹெர்ட்ஸ் வேறுபாடு பெரிதல்ல. அறையில் 220 அல்லது 230 வோல்ட் இருந்தால் தாராளமாக ஓடும். ஆனால் டிராவல் அடாப்டரில் செருகாதீர்கள், சர்ஜ் பெட்டியிலும் செருகாதீர்கள். கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தில் அடாப்டர் சூடாகும், நிற்கும்போது அதே வரிசையில் உள்ள கருவிகளுக்குத் தூக்கலைத் தரும். பிளக்கை வெட்டிவிட்டு, எர்த்தோடு சேர்த்து 13 ஆம்பியர் பிளக்கை மாட்டி, நேராகச் சுவரில் செருகுங்கள். 127 வோல்ட் மட்டுமே உள்ள அறை என்றால் 750 வாட் மிக்சிக்கு 1,500 வாட் அளவில், வோல்டேஜை உயர்த்தித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது மிக்சியைவிடக் கனம். அப்போது உம்மாவிடம் சொல்லி அரைத்த பொடிகளை வாங்கிக்கொண்டு போவதே மேல்.

வேறு நாடுகளுக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: அமீரகம், கத்தார், குவைத், ஓமன், மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் சதுர முள், வோல்டேஜ் நம்முடையதை ஒட்டியதே. ஜப்பான் 100 வோல்ட், அமெரிக்கா 120 வோல்ட். அங்கே போனால் அந்த நாட்டுச் சர்ஜ் பெட்டியை அங்கேயே வாங்கி, திரும்பும்போது அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஜித்தாவில் முதல் சம்பளத்தில் வீட்டுக்கு ஏதாவது வாங்குவீர்கள், அது இயல்பு. பழைய காலத்தில் சபரிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர்களின் முதுகில் 110, 220 என்று ஒரு சிறு தள்ளுசுவிட்ச் இருக்கும். அதை 110இல் விட்டபடியே வீட்டில் செருகி, உறவினர் எல்லாம் கூடியிருக்கும்போதே புகைய விட்டவர்கள் நம் கரையில் நிறையப் பேர். இன்று அந்தச் சுவிட்ச் இல்லை, ஆனால் 127 வோல்டுக்கோ 60 ஹெர்ட்ஸுக்கோ மட்டும் செய்த கருவிகள் இன்னும் கடைகளில் இருக்கலாம். பணம் கொடுக்கும் முன் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, கருவியின் முதுகில் உள்ள எழுத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.